சவுக்கடி மண்ணில் ஒரு குத்துச்சண்டை வகுப்பு

(தஞ்சாவூருக்கு அருகே, சுற்றுவட்டாரக் கிராமத்து மாணவர்களுக்காகத் தொடங்கப்பட்டுள்ள குத்துச்சண்டைப் பயிற்சி வகுப்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



என்னைப் பேச அழைத்தபோது வரலாறு பற்றித்தான் பேசச் சொல்வார்கள் என்று நினைத்தேன். முனைவர் பட்ட ஆய்வு செய்கிறவள் என்றால் கையில் ஒரு கோப்போடு வந்து ஆண்டுகளாக வாசித்துவிட்டுப் போவாள் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. ஆனால் இங்கே பயிற்சிக்கு வருகிற தங்கை ஒருத்தி போன வாரம் போனில் வேறு ஒன்று கேட்டாள். "அக்கா, மூட்டைல எவ்வளவு வேணாலும் குத்துறோம். எதிர்ல ஆள் நின்னா கையே வர மாட்டேங்குது. அடி விழுந்துடும்னு பயமா இருக்கு. அதப் பத்திப் பேசுங்க" என்றாள். அதைப் பற்றித்தான் பேசப் போகிறேன். வரலாறும் நடுவில் வரும். வராமல் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல முடியாது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் 28 வயதில்தான் கையில் துணி சுற்றினேன். நான்கு ஆண்டுகளாகப் பழகுகிறேன். பதக்கம், மாநிலப் போட்டி என்று எதுவும் கிடையாது. ஆகவே சாம்பியன் சொல்கிற அறிவுரையாக இதை எடுத்துக்கொள்ளாதீர்கள். உங்களைவிட நான்கு ஆண்டு கூடுதலாகப் பயந்தவள் சொல்வது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அதோ, உமியும் பழந்துணியும் அடைத்துத் தொங்கவிட்டிருக்கிறீர்களே, அந்தச் சாக்கு மூட்டை. அது திருப்பி அடிக்காது. அதன் முன்னால் நாம் எல்லோரும் முகமது அலிதான். எதிரே ஓர் ஆள் வந்து நின்றவுடன் உடம்பு வேறு உடம்பாகிவிடுகிறது. முகத்தை நோக்கி ஒரு கை வருகிறது. கண் தானாக மூடுகிறது. மூச்சு நின்றுவிடுகிறது. முகம் ஒரு பக்கம் திரும்புகிறது. பஸ்ஸில் திடீரென்று பிரேக் போட்டால் கம்பியைத் தேடுவோமே, அதுபோல இரண்டு கையும் விறைத்து முன்னால் நீள்கிறது. கால் நேர்கோட்டில் பின்னால் போகிறது. தப்பிப்பதற்காக உடம்பு செய்கிற இந்த வேலைகள் எல்லாமே கூடுதலாக அடி வாங்கித் தருபவை. கண்ணை மூடினால் இரண்டாவது குத்து எங்கிருந்து வருகிறது என்று தெரியாது. தெரிந்து வாங்குகிற குத்தைவிடத் தெரியாமல் வாங்குகிற குத்துதான் ஆளைச் சாய்க்கும். எந்த ஊர் வாத்தியாரைக் கேட்டாலும் இதைச் சொல்வார். கை முன்னால் நீண்டால் முகம் திறந்துகிடக்கும். நேராகப் பின்னால் போனால் எடை குதிகாலுக்குப் போய்விடும், எதிரி அதே கோட்டில் தொடர்ந்து வருவார்.

இது கோழைத்தனம் இல்லை. கண்ணை நோக்கி எது வந்தாலும் இமை மூடும். மனித உடம்பின் அமைப்பு அது. குழந்தைக்கும் அப்படித்தான், உலக சாம்பியனுக்கும் தொடக்கத்தில் அப்படித்தான். இந்தப் பயத்தைப் பயிற்சியால் குறைக்கலாம். எப்படி என்று பிறகு சொல்கிறேன்.

ஆனால் இதற்கு அடியில் இன்னொரு பயம் இருக்கிறது. அது பிறவியில் வருவதில்லை. கற்றுக்கொடுத்து வருவது. அதைப் பற்றித்தான் எனக்கு அதிகம் பேச வேண்டும்.

ஆய்வுக்காகத் திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஒரு முதியவரைப் பார்க்கப் போயிருந்தேன். தொண்ணூறைத் தாண்டியவர். திண்ணையில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தோம். ஒலிப்பதிவுக் கருவியை அவர் பக்கமாக நகர்த்தி வைக்கலாம் என்று கையைச் சற்று வேகமாகத் தூக்கினேன். அவர் தலையை உள்ளே இழுத்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டார். ஒரு நொடிதான். பிறகு எதுவும் நடக்காதது போலப் பேச்சைத் தொடர்ந்தார். நான் அவருக்குப் பேத்தி வயது. எண்பது ஆண்டுகளுக்கு முன்னால் இந்த மண்ணில் ஓங்கப்பட்ட கை ஒன்று இன்னும் இறங்காமல் நிற்கிறது.

சாணிப்பால், சவுக்கடி. இந்த இரண்டு சொல்லும் உங்கள் வீடுகளில் எங்காவது காதில் விழுந்திருக்கும். கீழத்தஞ்சையில் பண்ணையாளாக இருந்தவர்களுக்கு மிராசுதார்கள் கொடுத்த தண்டனைகள் இவை. வேலைக்கு நேரம் கழித்து வந்தால் சாட்டை. நோய் என்று படுத்தால் சாட்டை. மேலே கேள்வி கேட்டால் மாட்டுச் சாணத்தைக் கரைத்து வாயில் ஊற்றுவது. அடிபட்டவர்களில் மிகப் பெரும்பாலோர் தலித்துகள். காவிரித் தண்ணீர் பாய்ந்து மூன்று போகம் விளைந்த மண், தமிழ்நாட்டின் நெற்களஞ்சியம் என்று பாடப்புத்தகத்தில் படிக்கிறோம். அந்த நெல் எந்த உடம்புகளை வைத்து விளைந்தது என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

1989இல் வந்த வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் குற்றங்களின் பட்டியல் எதில் தொடங்கியது தெரியுமா? பட்டியல் சாதி, பழங்குடியைச் சேர்ந்த ஒருவரை உண்ணத் தகாத, அருவருப்பான பொருளை உண்ணவோ குடிக்கவோ வற்புறுத்துவது. அதுதான் முதல் குற்றம். சட்டப்புத்தகத்தில் அந்த வரியைப் பார்த்தபோது நான் நினைத்தது நமது சாணிப்பாலைத்தான். அதற்குப் பிறகும், 2002இல் திருச்சி மாவட்டம் திண்ணியத்தில் என்ன நடந்தது என்பது உங்களுக்குத் தெரியும். நான் விவரிக்கப் போவதில்லை.

குத்துச்சண்டைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? அடி எல்லாம் ஒன்றல்ல. குத்துச்சண்டைக்கு விதி உண்டு. 1743இல் லண்டனில் ஜாக் பிராட்டன் என்கிற வீரர் எழுதிவைத்த விதிகளில் ஒன்று, கீழே விழுந்தவனை அடிக்கக் கூடாது என்பது. 1867இல் குவீன்ஸ்பெரி பெயரால் வந்த விதிகளில் கையுறை வந்தது, மூன்று நிமிட ரவுண்டு வந்தது, நடுவில் ஒரு நிமிட ஓய்வு வந்தது, விழுந்தவர் எழுவதற்குப் பத்து எண்ணும் நேரம் வந்தது. எடைப் பிரிவுகள் பிறகு ஒவ்வொன்றாக வந்தன. இவை எல்லாவற்றுக்கும் அடிப்படை ஒன்றுதான். இரண்டு பேருக்கும் அடிக்க உரிமை உண்டு, இரண்டு பேருக்கும் நிறுத்தச் சொல்ல உரிமை உண்டு.

பண்ணையில் விழுந்த அடிக்கும் எழுதாத விதிகள் இருந்தன. கை கட்டி நிற்க வேண்டும். தோள் துண்டு இடுப்புக்கு வர வேண்டும். முகத்தைப் பார்க்கக் கூடாது. தடுக்கக் கையைத் தூக்கினால் அதுவே அடுத்த குற்றம். எண்ணிக்கை கிடையாது, ஓய்வு கிடையாது. மகன் பார்க்க அப்பன் அடி வாங்க வேண்டும். அந்த முதியவர் என்னிடம் சொன்னதில் வலியைப் பற்றி அதிகம் இல்லை. "எங்கப்பாவுக்குக் கைய எங்க வைக்கிறதுன்னு தெரியல" என்றார். நான் அதைத் திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறேன், ஒலிப்பதிவில். உங்கள் கோச் முதல் நாள் கற்றுக்கொடுத்தது என்ன? கையை எங்கே வைப்பது என்பதுதானே? கட்டி வைத்திருந்த கையை அவிழ்த்துக் கன்னத்துக்குப் பக்கத்தில் கொண்டுவருவதற்கு ஆங்கிலத்தில் கார்டு என்று பெயர். நமக்கு அது அவ்வளவு சின்ன விஷயம் இல்லை.

இங்கே ஒரு வேடிக்கை. நாம் மேடையில் தலை நிமிர் என்று சொல்லி வளர்ந்தவர்கள். குத்துச்சண்டை வாத்தியார் வந்து தலையைக் குனி, தாடையை மார்போடு ஒட்டு என்கிறார். எனக்கு முதல் வாரம் முழுக்க எரிச்சல். பிறகுதான் புரிந்தது. தாடை குனிய வேண்டும், கண் குனியக் கூடாது. புருவத்துக்குக் கீழிருந்து எதிராளியைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

வரலாற்றுக்கு வருகிறேன். 1943இல் கம்யூனிஸ்ட் கட்சியின் விவசாய அமைப்பாளராகக் கீழத்தஞ்சைக்கு வந்தவர் பி. சீனிவாசராவ். தென் கன்னடப் பகுதியைச் சேர்ந்தவர், பிராமணக் குடும்பத்தில் பிறந்தவர், தமிழைப் பேசிப் பேசிக் கற்றவர். மன்னார்குடி வட்டம் தென்பரையில் சங்கம் தொடங்கியது. அடித்தால் திருப்பி அடி என்று அவர் சொன்னதாக இந்தப் பக்கம் இன்றும் சொல்வார்கள். 1944இல் மன்னார்குடியில் ஏற்பட்ட ஒப்பந்தத்தில் சவுக்கடியும் சாணிப்பாலும் கூடாது என்பது இடம்பெற்றது. யோசித்துப் பாருங்கள், மனிதனைச் சாட்டையால் அடிக்கக் கூடாது என்பதற்கு ஓர் ஒப்பந்தம் போட வேண்டியிருந்தது. 1952இல் தஞ்சாவூர்ப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது.

சீனிவாசராவின் பங்கை நான் குறைக்கவில்லை. ஆனால் இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் வெளியிலிருந்து ஒருவர் வந்தார், திருப்பி அடி என்றார், ஜனங்கள் அடித்தார்கள் என்று மூன்று வரியில் முடித்துவிடுகிறார்கள். அந்த வாக்கியத்தைச் சொல்வது எளிது. சொன்னவருக்கு அன்று இரவு படுக்க இடம் உண்டு. கேட்டவருக்கு? பண்ணையாளின் குடிசை நின்ற மனை மிராசுதாருடையது. சாட்டையைத் தடுத்த கையோடு அவர் திரும்பிப் போக வேண்டிய வீடு, சாட்டை வைத்திருந்தவரின் நிலத்தில் இருந்தது. குடியிருப்பு மனை அந்தக் குடியிருப்பவருக்கே சொந்தம் என்று சட்டம் வந்தது 1971இல்தான். ஆகவே அந்தப் பயம் மூடத்தனம் அல்ல. கணக்குப் போட்டுப் பார்த்து வந்த பயம்.

ரிங்கில் உங்களுக்கு ஒரு மூலை உண்டு. மணி அடித்தால் அங்கே போகலாம். ஒருவர் தண்ணீர் கொடுப்பார், ஒருவர் முகத்தைத் துடைப்பார், போதும் என்று அவருக்குத் தோன்றினால் துண்டை வீசி நிறுத்துவார். பண்ணையாளுக்கு மூலை இல்லை. சங்கம் செய்தது அதைத்தான் என்று நான் நினைக்கிறேன். சேரியில் ஒரு கொடிக்கம்பம் நட்டது. ஒருவரை அடித்தால் ஊரே வேலைக்கு இறங்காது என்று ஆக்கியது. களப்பால் குப்பு போன்றவர்கள், பண்ணையாள் வீட்டுப் பிள்ளைகள், அந்த மூலையில் நின்றார்கள். குப்பு 1948இல் திருச்சி சிறையில் இறந்தார். முதன்முதலில் சாட்டையைக் கையால் பிடித்து நிறுத்திய ஆளின் பெயர் எந்தப் புத்தகத்திலும் எனக்குக் கிடைக்கவில்லை. தேடிக்கொண்டிருக்கிறேன்.

கை உயர்ந்ததற்கு வந்த பதிலையும் மறைக்க முடியாது. 1968 டிசம்பர் 25, கீழ்வெண்மணி. கூலி உயர்வு கேட்டவர்களின் தெருவில், ஒரே குடிசைக்குள் 44 பேர். குழந்தைகளும் பெண்களும் முதியவர்களும். பயத்தை வென்றால் எல்லாம் சரியாகிவிடும் என்று உங்களிடம் நான் சொல்ல மாட்டேன். வெண்மணிக்காரர்கள் பயத்தை வென்றவர்கள்தான்.

சரி, பயிற்சிக்கு வருவோம். தங்கை கேட்டது இன்னும் பாக்கி இருக்கிறது.

சினிமாவில் இது ஒரு பாட்டில் முடிந்துவிடும். 'சார்பட்டா பரம்பரை' எனக்குப் பிடித்த படம். வட சென்னைத் தொழிலாளர் குடும்பங்கள் ஆங்கிலக் குத்துச்சண்டையைத் தங்கள் மானத்தின் விளையாட்டாக்கிக்கொண்ட வரலாற்றைத் திரைக்குக் கொண்டுவந்த படம். அதில் கபிலனைக் கடற்கரையில் பீடி ராயப்பன் பழக்குகிற இடத்தைப் பார்த்துவிட்டு எத்தனையோ பிள்ளைகள் கையுறை வாங்கினார்கள். நல்லது. ஆனால் கோபம் வந்தால் பயம் போய்விடும் என்று அந்தப் படத்திலிருந்து யாராவது எடுத்துக்கொண்டிருந்தால், அதைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். கோபம் வந்தாலும் கண் மறைக்கத்தான் செய்யும். பயந்தவரும் பார்ப்பதில்லை, கோபப்பட்டவரும் பார்ப்பதில்லை. 1927 மார்ச்சில் மகாடில் சவுதார் குளத்தில் தண்ணீர் அள்ளிக் குடித்த நம் மக்களைச் சாதி இந்துக்கள் தடியால் அடித்தபோது, திருப்பி அடிக்க ஆள் இருந்தும் அம்பேத்கர் தடுத்தார். அது பயமா? அந்த இடத்தில் கண்ணைத் திறந்து வைத்திருந்த ஒரே ஆள் அவர்தான் என்று எனக்குத் தோன்றும்.

உண்மையில் பயம் போகிற விதம் சலிப்பூட்டக்கூடியது. முதல் சில நாட்கள் இரண்டு பேர் எதிரெதிரே நில்லுங்கள். குத்து வேண்டாம். எதிராளியின் கையுறையைப் பார்க்காதீர்கள், நெஞ்சுக்கு மேலே கழுத்தெலும்புப் பக்கம் பாருங்கள். எந்தக் குத்து வந்தாலும் தோள் முதலில் அசையும். பிறகு ஒருவர் மெதுவாக, மிக மெதுவாக, கையுறையால் இன்னொருவர் நெற்றியைத் தொட வேண்டும். தொடும்போது கண் திறந்திருக்க வேண்டும், மூச்சை மூக்கால் வெளியே விட வேண்டும். ஐம்பது முறை, நூறு முறை. சிரிப்பு வரும். வரட்டும். பிறகு கொஞ்சம் வேகம். எவ்வளவு வேகம் என்பதை வாங்குகிறவர் சொல்ல வேண்டும், கொடுப்பவர் அல்ல. அதற்குப் பிறகு ஜாப் மட்டும். ஒருவர் ஜாப் போடுவார், மற்றவர் உள்ளங்கையால் தட்டிவிடுவார். இரண்டு நிமிடத்தில் மாற வேண்டும். அடுத்து தோளுக்குக் கீழே மட்டும் அடிக்கிற ஸ்பாரிங். முகத்துக்குப் போவது இதற்கெல்லாம் பிறகு.

மூச்சு முக்கியம். ஒவ்வொரு குத்துக்கும் ஸ்ஸ் என்று மூச்சை விடுவது ஸ்டைலுக்காக இல்லை. மூச்சு ஓடிக்கொண்டிருந்தால் உடம்பு விறைக்காது. விறைக்காத உடம்பால் நகர முடியும். நேராகப் பின்னால் போகாமல் பக்கவாட்டில் ஓரடி வைக்க முடியும். வரப்பில் எதிரே மாடு வந்தால் நீங்கள் என்ன செய்வீர்கள்? திரும்பி ஓடவா செய்வீர்கள்? ஒரு காலை வயலில் இறக்கி ஒதுங்கி வழி விடுவீர்கள். அதே கால்தான்.

எனக்கு முதன்முதலில் முகத்தில் சரியாக விழுந்த குத்தைச் சொல்கிறேன். கொடுத்தவள் கல்லூரி மாணவி, என்னைவிடப் பத்து வயது இளையவள், எடையிலும் குறைவு. ஜாப் மூக்கின் மேல் இறங்கியது. கண்ணில் தண்ணீர் கொட்டியது. மூக்கில் அடிபட்டால் கண்ணீர் தானாக வரும், அழுகை இல்லை. ஒரு பக்கம் ரத்தமும் வந்தது. இவ்வளவுதானா என்று தோன்றியது. அதற்குள் அவள் கையை இறக்கிவிட்டு "அக்கா, நிறுத்திக்கலாமா, பஞ்சு எடுத்துட்டு வரட்டுமா" என்று கேட்டாள். தொடக்கப் பள்ளியில் நான் பிரம்படி வாங்கியிருக்கிறேன். எதற்கென்று சொல்லாமலே அடித்திருக்கிறார்கள். அடித்தவர் நலம் விசாரித்த அடியை அதுவரை நான் வாங்கியதில்லை. என் பயத்தில் பாதி அந்தக் கேள்வியில் போனது. மீதிப் பாதி இன்னும் இருக்கிறது, ஒவ்வொரு முதல் ரவுண்டிலும் வரும். முதல் குத்து விழுந்தவுடன் குறையும்.

வேறொரு ஊரில், பெயர் வேண்டாம், ஒரு பயிற்சிக்கூடத்தில் நடந்ததையும் சொல்ல வேண்டும். என்னோடு வாரக்கணக்கில் இயல்பாக ஸ்பாரிங் செய்துகொண்டிருந்த ஒருவர், ஒரு நாள் டீ குடிக்கும்போது எந்த ஊர் என்று கேட்டார், அந்த ஊரில் எந்தப் பக்கம் என்று கேட்டார். கேள்வியின் பொருள் உங்களுக்குத் தெரியும். சொன்னேன். அடுத்த நாளிலிருந்து லைட் ஸ்பாரிங் லைட்டாக இல்லை. மெதுவாக என்றேன். சிரித்தார். மறுபடி சொன்னேன். குத்து இன்னும் பலமாக வந்தது. கையுறையைக் கழற்றிவிட்டு இறங்கிவிட்டேன். பயந்துவிட்டாயா என்று பக்கத்தில் இருந்தவர்கள் கேட்டார்கள். நிறுத்து என்ற சொல் செல்லுபடியாகாத இடத்தில் நடப்பது ஸ்பாரிங் இல்லை, பண்ணையில் நடந்ததுதான், கையில் கையுறை இருக்கிறது, அவ்வளவே. அங்கே நின்று தாக்குப்பிடித்துக் காட்டுவதை வீரம் என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

ஏனென்றால் தாக்குப்பிடிப்பதற்கு நம்மிடம் பாராட்டுப் பத்திரம் ஏற்கனவே நிறைய இருக்கிறது. "அவனுங்க உடம்பு அடி தாங்கும்", "வெயில்ல கிடந்த உடம்பு", "எவ்வளவு வேணாலும் தூக்குவான்". பண்ணை மொழியில் இது பாராட்டு. அடிப்பவருக்கு வசதியான பாராட்டு. குத்துச்சண்டைக்கு நாம் வந்தது அடி தாங்கக் கற்றுக்கொள்ள அல்ல. அடி படாமல் இருக்கக் கற்றுக்கொள்ள. நல்ல வீரர் என்றால் நூறு குத்து வாங்கி நிற்பவர் இல்லை, தொண்ணூறைக் காற்றில் விழவைப்பவர்.

அலியையே எடுத்துக்கொள்ளுங்கள். 1974இல் கின்ஷாசாவில் ஜார்ஜ் ஃபோர்மனின் குத்துகளைக் கயிற்றில் சாய்ந்து வாங்கி வாங்கி அவரைக் களைக்கவைத்து, எட்டாவது ரவுண்டில் சாய்த்தார். உலகமே கொண்டாடியது. 1980இல் சென்னைக்கு வந்து ஜிம்மி எல்லிஸுடன் காட்சிப் போட்டி ஆடினார். 1984இல் அவருக்குப் பார்கின்சன் நோய் இருப்பது தெரியவந்தது. அந்தக் கைநடுக்கத்தை 1996 அட்லாண்டா ஒலிம்பிக் தீபத்தை ஏற்றும்போது உலகம் பார்த்தது. தலையில் தொடர்ந்து அடி வாங்கும் குத்துச்சண்டை வீரர்களின் மூளைக்கு என்ன ஆகிறது என்பதை மருத்துவ உலகம் 1928லேயே எழுதத் தொடங்கிவிட்டது. ஹெட் கார்டு போட்டால் புருவம் கிழியாது, கன்னம் வீங்காது. உள்ளே மூளை குலுங்குவதை அது தடுக்காது. ஆகவே தலையில் பலமாக ஒன்று விழுந்து, தலை சுற்றினாலோ, வாந்தி வந்தாலோ, ஒரு கணம் எங்கே இருக்கிறோம் என்று தெரியாமல் போனாலோ, அன்றைக்கு மட்டுமல்ல, மருத்துவர் பார்த்துச் சொல்லும்வரை ஸ்பாரிங் கிடையாது. யாராவது வீராப்பு பேசினால் மற்றவர்கள் இழுத்து உட்கார வையுங்கள். மூலையில் நிற்பவரின் வேலை அது.

பெண் பிள்ளைகளுக்குத் தனியாக ஒன்று. பெண்கள் குத்துச்சண்டை ஒலிம்பிக்கில் நுழைந்ததே 2012இல்தான். அந்த ஆண்டே மணிப்பூரின் மேரி கோம் வெண்கலம் வாங்கினார். இங்கே வரும் தங்கைகளில் சிலருக்கு அடி புதிது இல்லை என்று எனக்குத் தெரியும். வீட்டில் வாங்குவது. சாராயத்தின் பெயரால், கௌரவத்தின் பெயரால், அண்ணன் தம்பி கையால். உங்கள் உடம்பு மற்றவர்களைவிட வேகமாகச் சுருங்கும். உங்களை யாரும் அவசரப்படுத்தக் கூடாது, நெற்றியைத் தொடுவதற்கே இரண்டு மாதம் ஆனாலும் ஆகட்டும். யாரோடு பழகுவது என்பதை நீங்களே தேர்ந்தெடுங்கள். ஆண் பிள்ளைகளே, ஜோடி சேரும்போது ஒரு பெண் வேண்டாம் என்று சொன்னால் காரணம் கேட்காதீர்கள்.

இன்னொன்று. இங்கே கற்பதைத் தெருவில் முயன்று பார்க்கலாமா என்று ஒரு தம்பி சிரித்துக்கொண்டே கேட்டான். தெருவில் எடைப் பிரிவு கிடையாது தம்பி. அங்கே எதிரே நிற்பவர் கையில் என்ன இருக்கிறது என்று உனக்குத் தெரியாது. பிறகு வழக்கு யார் மேல் பதிவாகும் என்பது மட்டும் உனக்கும் எனக்கும் நன்றாகத் தெரியும். தெருவில் உனக்குப் பயன்படப்போவது குத்து இல்லை. ஒருவன் கையை ஓங்கும்போது கண்ணை மூடாமல் அவன் முகத்தைப் பார்த்து, என்ன நடந்தது, யார் யார் இருந்தார்கள், மணி எத்தனை என்று நினைவில் வைத்துக்கொண்டு, புகாராக எழுதத் தெரிந்திருப்பது. வன்கொடுமை வழக்குகளின் ஆவணங்களைப் படித்தவள் என்ற முறையில் சொல்கிறேன்.

இனி நாளைக்குச் செய்ய வேண்டியது. காலை ஆறு மணிக்கு வகுப்பு. அறுவடை வேலைக்குப் போகிறவர்கள் மாலையில் வரலாம், கோச் ஒப்புக்கொண்டிருக்கிறார். கையுறை ஏழு ஜோடிதான் இருக்கிறது, மாற்றி மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள், இவர் போட்டது அவர் போட்டது என்று பார்க்க வேண்டாம். மவுத் கார்டு மட்டும் ஆளுக்கு ஒன்று, தனித்தனியாக. தனிக்குவளையை எதிர்த்து இத்தனை காலம் பேசியவர்கள் தனியாக வைத்துக்கொள்ளச் சொல்கிற ஒரே பொருள் அதுதான். வெந்நீரில் போட்டு, பல்லுக்குப் பொருத்தி, பெயர் எழுதிய டப்பாவில் வையுங்கள்.

முதல் இரண்டு வாரம் முகத்தில் குத்து கிடையாது. தொடுவது மட்டும்தான். நாளைக்கு நானும் வரிசையில் நிற்கிறேன். போனில் கேட்ட தங்கை என்னோடு ஜோடி சேரலாம், அவளுக்குச் சம்மதம் என்றால்.